ஜி.என்.ராமச்சந்திரன்: கிடைக்காத நோபலை விட்டுவிட்டு, செய்த வேலையைப் பேசலாமா?

8 அக்டோபர் 2024, காலை

இன்று ஜி.என்.ராமச்சந்திரன் பிறந்தநாள். விடிந்ததில் இருந்து நாலு குழுக்களில் ஒரே செய்தி சுற்றுகிறது. கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தைச் சென்னையில் இருந்து அவர் கண்டுபிடித்தாராம், கேம்பிரிட்ஜ்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்களாம், நோபல் கைநழுவிப் போனதாம். கீழே கைகூப்பும் படம். அதோடு முடிந்தது.

என் கேள்வி இதுதான். இதை அனுப்புகிறவர்களில் எத்தனை பேரால் அவர் செய்த வேலையை நாலு வரியில் சொல்ல முடியும்? இருபது வருடமாக உயிர்வேதியியல் பாடம் எடுக்கிறேன். அவருக்குக் கிடைக்காத பரிசைப் பற்றி மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உலகம் முழுக்க ஒவ்வொரு நாளும் பயன்படுத்துகிற அவருடைய வரைபடத்தைப் பற்றிக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. எனக்கு அது வலிக்கிறது.

தெரிந்ததை இங்கே எழுதிக்கொண்டே போகிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன். கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள், இங்கேயே பதில் எழுதுகிறேன்.

8 அக்டோபர், மதியம்

முதலில் ஆள் யார் என்று கேட்டவருக்கு.

1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரில் இருக்கும் ‘ஜி’ கோபாலசமுத்திரம் என்ற ஊர்ப்பெயர். அப்பா எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ராமச்சந்திரன் இயற்பியல் படித்தது திருச்சி புனித வளனார் கல்லூரியில். 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனபோது அவர் சேர்ந்தது மின்பொறியியல் துறையில். அங்கே சி.வி.ராமன் பார்த்தார். பையன் உங்கள் துறைக்குக் கொஞ்சம் அதிகமான புத்திசாலி, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று மின்பொறியியல் தலைவரிடம் சொல்லித் தன் துறைக்கு மாற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். அதற்கு முன்பு அப்பாவின் ஆசைக்காக ரயில்வே பொறியாளர் தேர்வு எழுத டெல்லி போய், வேண்டுமென்றே தோற்றுவிட்டு வந்தார் என்றும் ஒரு கதை உண்டு. அந்தத் தேர்வில் பாஸாகியிருந்தால் தென்னக ரயில்வேக்கு ஒரு நல்ல பொறியாளர் கிடைத்திருப்பார்!

1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜ். அங்கேதான் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் பேசுவதைக் கேட்டார். திரும்பி வந்து மூன்று வருடம் பெங்களூர். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு ராமனைக் கேட்டது. ராமன் கை காட்டியது இவரை. துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் அதை ஏற்றுக்கொண்டார். துறைத் தலைவராக உட்கார்ந்தபோது ராமச்சந்திரனுக்கு வயது 29.

இந்த இடத்தில் முதலியாரையும் நாம் நினைக்க வேண்டும். 29 வயதுக்காரரிடம் ஒரு துறையைக் கொடுத்து, எக்ஸ்-ரே ஆய்வுக்கூடம் அமைக்கப் பணமும் கொடுத்து, குறுக்கே வராமல் இருந்தார். இன்றைக்கு யார் செய்வார்கள்?

8 அக்டோபர், இரவு

சரி, கொலாஜன்.

நம் உடம்பில் இருக்கும் புரதத்தில் ஏறத்தாழ கால் பங்குக்கும் மேல் இதுதான். தோல், எலும்பு, தசைநார், குருத்தெலும்பு எல்லாவற்றையும் கட்டி வைத்திருப்பது. மிருதங்கத்தில் இழுத்துக் கட்டிய தோலில் நாம் தட்டுவதும் இதைத்தான். 1952-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜே.டி.பெர்னால் சென்னைக்கு வந்தபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருந்து நடக்கிற தூரத்தில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் பதனிடுவது என்றாலே கொலாஜனோடு வேலைதானே? கங்காருவின் வால் தசைநார் அங்கிருந்து கிடைத்தது. அதன் வழியே எக்ஸ்-ரே செலுத்திப் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அவர் பார்த்தது என்னவென்றால், கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் (புரத இழையின் கண்ணிகள்தான் அமினோ அமிலங்கள்). ஏன் மூன்றில் ஒன்று? மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிப் போகின்றன, நடுவில் நெருக்கமான இடத்தில் கிளைசின் மட்டுமே அடங்கும், அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அது வந்தே ஆக வேண்டும். 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் திருத்திய வடிவம்: மூன்று சுருளும் நேராக நிற்காமல், சேர்ந்து இன்னொரு பெரிய சுருளாக முறுக்கிக்கொள்கின்றன.

1955 நவம்பரில் கேம்பிரிட்ஜில் இருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் கொலாஜன் அமைப்பை வெளியிட்டார்கள். என் கருத்து: சென்னை மாதிரி சரியாகத்தான் இருந்தது, அவர்கள் அதற்கு மெருகு போட்டார்கள். அவ்வளவே.

9 அக்டோபர், அதிகாலை

நேற்று இரவு எழுதிய கடைசி வரியை எடுத்துக்கொள்கிறேன். தூக்கம் வரவில்லை. அதே குழுச் செய்தியின் கோபம் எனக்கும் தொற்றிவிட்டது.

உண்மை இது. மூன்று இழை முறுக்கு என்ற அடிப்படை ராமச்சந்திரன், கர்த்தாவினுடையது. அதில் மாற்றம் இல்லை. ஆனால் அவர்களுடைய மாதிரியில் ஒவ்வொரு மூன்று அமினோ அமிலத்துக்கும், இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருந்தன. ரிச்சும் கிரிக்கும் ஒன்றுதான் இருக்க முடியும் என்றார்கள். இரண்டு வைத்தால் சில அணுக்கள் தாங்க முடியாத அளவு ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன என்பது அவர்கள் வாதம். 1994-இல் கொலாஜன் போன்ற சிறு புரதத் துண்டின் படிகத்தை நேராகப் பார்த்தபோது, இழைகளுக்கு நடுவே நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் இருந்தது. அந்த இடத்தில் கேம்பிரிட்ஜ்காரர்கள் சொன்னது சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று இழை என்ற எண்ணத்தை 1951-இல் பாலிங்கும் அவரோடு வேலை செய்த கோரியும் எழுதியிருந்தார்கள். அந்த அமைப்பு தவறாகிப் போனது. ஆகவே ‘மூன்று’ என்ற எண்ணுக்கு முன்னோடி உண்டு. எந்த மூன்று, எப்படிச் சுற்றுகிறது, கிளைசின் ஏன் என்பதற்கான விடை சென்னையில் கிடைத்தது.

இதைச் சொன்னால் அவர் பெருமை குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்த இடத்தில்தான் அவர் மேல் மரியாதை கூடுகிறது. ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன். முதல் மணி வகுப்பு இருக்கிறது.

9 அக்டோபர், மாலை

பார்த்தீர்களா! இன்றைய வேதியியல் நோபல் புரத வடிவத்துக்கு. டேவிட் பேக்கருக்குப் பாதி, டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் மீதிப் பாதி. பிறந்தநாளுக்கு மறுநாள்! ஆய்வுக்கூடத்தில் கைதட்டிவிட்டேன், உள்ளே இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

9 அக்டோபர், இரவு

முறுக்கு என்று எழுதினால் புரியவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். எனக்கும் புத்தகத்தில் படித்துப் புரியவில்லை.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டக் கடலோரம். ஆச்சி தென்னை நார்க் கயிறு திரிப்பாள். மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, தட்டி, நாரைப் பிரித்து, ராட்டில் மாட்டி ஒவ்வொரு புரியாக முறுக்குவார்கள். அப்புறம் புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். சின்ன வயதில் நான் ஒருமுறை அதே பக்கமாக முறுக்கினேன். கையை எடுத்ததும் மொத்தமும் பிரிந்து தொங்கியது. ஆச்சி சொன்னாள்: "புரி ஒரு பக்கம் ஓடணும், கயிறு மறுபக்கம் ஓடணும். ரெண்டும் ஒண்ணையொண்ணு புடிச்சு வச்சுக்கிடும்."

கொலாஜனும் அப்படியே. தனித்தனி இழை இடப்பக்கமாகச் சுருளும். மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கும். கல்லூரியில் ஆசிரியர் பலகையில் இதை வரைந்தபோது எனக்கு ஆச்சியின் ராட்டுச் சத்தம் காதில் கேட்டது. முப்புரி என்ற சொல் நம்மிடம் முன்பே இருக்கிறதே, மூவிழைச் சுருள் என்று ஏன் தேடி அலைந்து பெயர் வைத்தோம் என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போதும் வகுப்பில் முப்புரி என்றுதான் சொல்கிறேன்.

11 அக்டோபர்

விட்ட இடத்துக்கு வருகிறேன். அணுக்கள் மிக நெருங்கிவிட்டன என்று கிரிக் பக்கத்தில் இருந்து வந்த ஆட்சேபம்.

இப்படி ஒரு ஆட்சேபம் வந்தால் மூன்று வழி உண்டு. கோபித்துக்கொண்டு ஒதுங்கலாம். இல்லை என்று மல்லுக்கு நிற்கலாம். ராமச்சந்திரன் எடுத்த வழி, மிக நெருக்கம் என்றால் எவ்வளவு நெருக்கம் என்று கேட்டது. எந்த இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை அண்டலாம் என்று அதுவரை வெளிவந்த படிக ஆய்வுகளை எல்லாம் தோண்டி எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். பிணைப்பில்லாத இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையே 3.2 ஆங்ஸ்ட்ராம் வழக்கமான எல்லை, 3.0 கடைசி எல்லை. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு அட்டவணை. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் உட்கார்ந்து எல்லை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அட்டவணை கைக்கு வந்ததும் கேள்வி பெரிதாகிவிட்டது. கொலாஜனை விடுங்கள், எந்தப் புரதமானாலும் அதன் முதுகெலும்பு எந்தெந்த விதமாக மடங்கலாம்?

இதை அட்டையை வைத்துச் சொல்கிறேன். புரதத்தின் முதுகெலும்பு தட்டையான அட்டைகளை முனையோடு முனை கோத்த மாலை போன்றது. அட்டை வளையாது. கோத்த இடத்தில் மட்டும் திரும்பும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு திருப்பம், இந்தப் பக்கத்து அட்டைக்கு ஒன்று, அந்தப் பக்கத்து அட்டைக்கு ஒன்று. அவற்றுக்கு ஃபை, சை என்று பெயர். இரண்டு கோணமும் தெரிந்தால் அந்த இடத்தில் மாலை எப்படி மடங்குகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு கோணத்தைக் குறுக்கேயும் மற்றதை நெடுக்கேயும் போட்டு ஒரு சதுரக் கட்டம் வரையுங்கள். இனி ஒவ்வொரு புள்ளியாக எடுத்து, இப்படித் திருப்பினால் அணுக்கள் இடிக்கிறதா இல்லையா என்று பாருங்கள். இடித்தால் அடித்துவிடுங்கள்.

அடித்துவிட்டுப் பார்த்தால் கட்டத்தில் பெரும்பகுதி காலி. மிச்சம் இருப்பது மூன்று தீவுகள். கடைசி எல்லை வரை தாராளமாக விட்டாலும் மொத்த இடத்தில் கால் பங்குக்குக் குறைவு. புரதங்களில் பொதுவாகக் காணும் மடிப்புகளில், பாலிங் சொன்ன ஆல்ஃபா சுருள் ஒரு தீவில், பீட்டா தாள் இன்னொரு தீவில், கொலாஜனின் இழையும் அந்த இரண்டாவது தீவுக்குள்தான். மற்ற அமினோ அமிலங்களுக்கு உள்ள பக்கக் கிளை கிளைசினுக்கு இல்லை; அதற்கு மட்டும் இடிப்பதற்கு ஆளில்லை, அதனால் அது கட்டத்தில் பெரும்பகுதியில் சுதந்திரமாக உலாவும்.

இதுதான் ராமச்சந்திரன் வரைபடம். 1963-இல் ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜியில் வந்த கட்டுரை மொத்தம் ஐந்தே பக்கம்.

11 அக்டோபர், சற்று நேரம் கழித்து

ஒரு வரி சேர்க்க மறந்தேன். அந்தக் கட்டுரையில் மூன்று பெயர்கள்: ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன். இன்றைய கம்ப்யூட்டரில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிற கணக்கை, மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் போட்டார்கள். வரைபடத்துக்கு ஒருவர் பெயர் நின்றுவிட்டது. வகுப்பில் சொல்லும்போது நான் மூன்று பெயரையும் சொல்லுவேன். மாணவர்கள் எழுதிக்கொள்ளும் வரை அடுத்த வரிக்குப் போகமாட்டேன்.

14 அக்டோபர்

இந்த வரைபடத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்ட தம்பிக்கு என் சொந்தக் கதை.

முதுகலை ப்ராஜெக்டுக்காக ஒரு நொதியின் மாதிரியைக் கம்ப்யூட்டரில் கட்டினேன். வண்ண வண்ணமாக, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ப்ரிண்ட் போட்டு விடுதி அறைச் சுவரில் ஒட்டினேன். வழிகாட்டி படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ராமச்சந்திரன் பிளாட் எங்கே?" என்று மட்டும் கேட்டார், இந்த வரைபடத்தைத்தான். போட்டுக் காட்டினேன். தீவுகளுக்கு வெளியே எட்டுப் புள்ளிகள் சிவப்பாக நின்றன. எட்டு இடத்தில் என் நொதி நடக்காத விதமாக மடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு வாரம் ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். மூன்று புள்ளிகள் கிளைசின், அவை அங்கே நிற்கலாம், அவற்றுக்குத் தனிக் கட்டம். நாலு புள்ளிகளில் நான் அமினோ அமில வரிசையைத் தப்பாக நிறுத்தியிருந்தேன். மீதம் ஒன்று. அதையும் இழுத்துப் பிடித்து உள்ளே தள்ளினேன். வழிகாட்டி அதைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த இடம் நொதி வேலை செய்கிற குழிக்குள் இருந்தது, நேரடியாகப் படிகத்தில் பார்த்த உறவுக்கார நொதிகளிலும் அதே இடத்தில் அதே முறுக்கு. உண்மையிலேயே அது சிரமப்பட்டு நிற்கிற இடம். "வெளியே நின்றால் காரணம் கேள். காரணம் இருந்தால் விட்டுவிடு" என்றார். அதை மறக்கவில்லை.

புரத வடிவங்களைச் சேர்த்து வைக்கும் உலகப் பொதுக் களஞ்சியம் 1971-இல் தொடங்கியது. இன்றைக்கு அதில் 2 லட்சத்துக்கும் மேல் வடிவங்கள். யார் புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் கூடவே வரும் சரிபார்ப்பு அறிக்கையில் ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே எத்தனை என்று ஒரு எண் இருக்கும். போன வாரம் நோபல் வாங்கித் தந்த ஆல்ஃபாஃபோல்ட் (புரத வடிவத்தைக் கணிக்கும் கம்ப்யூட்டர் நிரல்) பாடம் கற்றதும் அந்தக் களஞ்சியத்தை வைத்துத்தான்.

15 அக்டோபர்

கொலாஜன் பவுடர் குடித்தால் முகம் பளபளக்குமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். விஷயம் விலகுகிறது, பரவாயில்லை.

குடித்த கொலாஜன் கயிறாகவே போய்க் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளாது. வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துதான் ரத்தத்துக்குப் போகும். அதற்கு மேல் உடம்பு எதற்குப் பயன்படுத்துகிறது என்பது உடம்பின் முடிவு.

உண்மையான கொலாஜனை வீட்டில் பார்க்க வேண்டுமா? ஆட்டுக்கால் சூப்பை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் கட்டியாகத் தளதளவென்று ஆடும். சூட்டில் முப்புரி பிரிந்து ஜெலட்டின் ஆகிறது. ஆறும்போது இழைகள் அங்கங்கே மறுபடி சுற்றிக்கொள்ளப் பார்க்கின்றன. பழைய தச்சர்கள் காய்ச்சிய வஜ்ஜிரமும் இதே சரக்குத்தான்.

நெல்லிக்காய் சாப்பிடுங்கள் என்பேன், அதற்குக் காரணம் உண்டு. கொலாஜனில் உள்ள புரோலின் பலவற்றின் மேல் ஒரு ஆக்ஸிஜன் ஏற்றி ஹைட்ராக்ஸிபுரோலின் ஆக்கினால்தான் கயிறு உடல் சூட்டில் பிரியாமல் நிற்கும். அந்த வேலைக்கு வைட்டமின் சி வேண்டும். மாதக்கணக்கில் கடலில் போன பழைய மாலுமிகளுக்கு ஈறு கிழிந்து ரத்தம் வந்ததும், ஆறிய புண் திரும்பத் திறந்ததும் இதனால்.

16 அக்டோபர்

நேற்றையதோடு ஒன்று. ஹைட்ராக்ஸிபுரோலின் எப்படிக் கயிற்றைப் பிடிக்கிறது என்று 1973-இல் ராமச்சந்திரன், மஞ்சு பன்சால், ஆர்.எஸ்.பட்நாகர் ஒரு யோசனை சொன்னார்கள்: நடுவில் ஒரு நீர் மூலக்கூறு பாலமாக நிற்கிறது. 1994 படிகத்தில் நீர் மூலக்கூறுகள் வரிசையாக நிற்பது தெரிந்தது. எவ்வளவு அழகு! தான் முதலில் போட்ட இரண்டாவது பிணைப்பு நேராக இருக்க முடியாது என்ற ஆட்சேபம் வந்தபின், நீர் வழியாக ஒன்று இருக்கலாம் என்று பார்த்திருக்கிறார்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1998-இல் ஆக்ஸிஜனுக்குப் பதில் ஃப்ளோரினை வைத்துப் பார்த்தார்கள். ஃப்ளோரின் அப்படிப் பாலம் கட்டாது. கயிறோ இன்னும் உறுதியாக நின்றது. புரோலின் வளையத்தை முன்கூட்டியே சரியான பக்கம் மடக்கி வைப்பது பெரிய காரணம் என்று ஆகிவிட்டது. இதையும் வகுப்பில் சொல்ல வேண்டும்.

20 அக்டோபர்

"சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்ததும் அவர்தான்" என்று ஒருவர் மேலே கருத்தில் எழுதியிருக்கிறார். ஐயா, அப்படிச் சொல்ல வேண்டாம். உண்மையே போதுமான அளவு பெரியது.

ஒரு பொருளைப் பல பக்கங்களில் இருந்து எடுத்த நிழல்களை வைத்து உள்ளே இருப்பதைத் திரும்ப வரையலாம் என்ற கணிதம் 1917-இல் ஜோஹன் ராடன் எழுதியது. 1971-இல் ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் அதைக் கணக்கிட ஒரு குறுக்கு வழி எழுதினார்கள். ஃபூரியே மாற்றம் என்ற நீண்ட கணக்கைத் தவிர்த்து, நிழல் ஒவ்வொன்றையும் ஒரு வடிகட்டியில் போட்டு, வந்த திசையிலேயே திரும்பப் பரப்பிக் கூட்டுவது. அதற்கு நாலு வருடம் முன்பு வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் இருவரும் இதே போன்ற வழியை எழுதியிருந்தார்கள்.

ஸ்கேன் இயந்திரத்தைக் கட்டியது ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தார்கள். அந்த முதல் இயந்திரம் வேறு கணக்கு முறையில் ஓடியது. பின்னால் வந்த இயந்திரங்களில் வடிகட்டித் திரும்பப் பரப்பும் முறை பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் பெயரில் வழங்கும் வடிகட்டி இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த இரவு, ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இயந்திரம் சுற்றுகிற சத்தம். கட்டியா, அடைப்பா, ரத்தக் கசிவா என்று தெரிந்தால்தான் மருந்து போட முடியும். எனக்கு அந்த நேரத்தில் கணிதமெல்லாம் நினைவுக்கு வரவில்லை. பத்து நாள் கழித்து அப்பா தானாகச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்ட காலையில்தான், அந்தப் படத்தை வரைந்த கணக்கில் ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் இருவருக்கும் பங்கு உண்டு என்று நினைத்தேன். அப்பாவிடமும் சொன்னேன். "நல்லா இருக்கட்டும்" என்றார்.

3 நவம்பர்

இந்தப் பதிவுத் தொடர் கொஞ்ச நாள் தூங்கிவிட்டது. அவர் ஏன் சென்னையை விட்டுப் போனார் என்று கேட்டவருக்கு: முதலியார் 1969-இல் பதவி விட்டார். அடுத்த வருடம் ராமச்சந்திரனும் வெளியேறினார். சிகாகோவில் சில காலம், 1971-இல் பெங்களூரில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் அவர் விட்டுப்போன துறை, படிகவியலுக்கும் உயிரியற்பியலுக்குமான உயராய்வு மையமாகத் தொடர்ந்தது. 1963-லும் 1967-லும் அவர் சென்னையில் நடத்திய பன்னாட்டுக் கருத்தரங்குகளால் அந்தத் துறை உலகத்துக்குத் தெரிந்த இடம் ஆகியிருந்தது.

இன்னொரு நினைவு. பல வருடம் முன்பு அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போனேன். அங்கே அரங்கத்தின் பெயரே ட்ரிபிள் ஹீலிக்ஸ், நம்ம முப்புரிதான். உள்ளே போய் உட்கார்ந்து, காப்பி குடித்து, சுவரொட்டி வைத்து, சான்றிதழ் வாங்கி, பஸ் ஏறி, கிண்டி தாண்டியபோதுதான் உறைத்தது. கொலாஜன் எடுத்துக்கொண்டு அவர்கள் போய்வந்த பாதையில்தான் நான் அப்போது போய்க்கொண்டிருந்தேன். இறங்கித் திரும்பிப் போய் அரங்கத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

7 ஏப்ரல் 2025

இன்று அவர் நினைவு நாள். 2001-இல் இதே நாளில் சென்னையில் காலமானார்.

கடைசிக் காலம் எளிதாக இல்லை. பார்க்கின்சன் நோய். 1998-இல் மனைவி ராஜம் இறந்துபோனார். 1945-இல் தொடங்கிய வாழ்க்கைத் துணை. 1999-இல் உலகப் படிகவியல் சங்கத்தின் எவால்ட் பரிசு அவருக்கு வந்தது. அவருக்குப் பரிசே கிடைக்கவில்லை என்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1961-இல் இந்திய அறிவியலாளர்களுக்கான பட்நாகர் விருது, 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். நோபல் கொடுத்திருக்கலாமா? கொடுத்திருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். மற்றவர்கள் பறித்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். கிரிக் தரப்பின் ஆட்சேபம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த அட்டவணை பிறந்திருக்குமா, அட்டவணை இல்லாமல் வரைபடம் வந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

9 ஏப்ரல்

நேற்று வகுப்பில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, முனையில் ஓட்டை போட்டு, நூலில் கோத்து மாலை செய்யச் சொன்னேன். ஒவ்வொரு கோப்பிலும் பக்கக் கிளைக்காக ஒரு தெர்மாகோல் உருண்டை. மூன்று மாலை தயாரானதும், மூன்றையும் சேர்த்து ஆச்சி சொன்னபடி எதிர்ப்பக்கமாக முறுக்கினோம். சேரவில்லை. உருண்டைகள் நடுவில் இடித்துக்கொண்டு மாலைகள் விலகி விலகி நின்றன. அரை மணி நேரம் முயன்றார்கள். ஒருவன் நூலை இழுத்துக் கட்டினான், அட்டை கிழிந்தது.

கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். வருடம் முழுக்க வாய் திறக்காதவள். கத்தரிக்கோலை எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, ஒவ்வொரு மூன்றாவது உருண்டையையும் வெட்டிக் கீழே போட்டாள். மூன்று மாலையிலும். பிறகு முறுக்கினாள். சேர்ந்துகொண்டது.

நான் அப்போது கிளைசின் என்ற பெயரைப் பலகையில் எழுதியிருக்கவே இல்லை.